கோல் சிக்கினால் சீவக்கூடாது

தண்டையார்பேட்டை,
ஹேவிளம்பி வருஷம், கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி தங்கப்பாண்டிக்கு ஆச்சி செல்லக்கனி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதித் தொடங்குவதுதான் முறை. சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை. நிம்மதிதான் இல்லை. அதற்குக் காரணம் மலைமேல் உட்கார்ந்திருக்கிற நீ. ஆகையால் அதை முதலில் கேட்டுவிட்டு மற்ற சமாசாரங்களுக்கு வருகிறேன்.

நேற்று மத்தியானம் நம் மரவாடி வாசலில் ஒரு தாடிக்காரன் வந்து நின்றான். தோளில் சாக்குப்பை. யாரோ பரதேசி என்று நினைத்து, சோறு இன்னும் ஆகவில்லை, அப்புறம் வா என்று சொல்லிவிட்டேன். அவன் நகரவில்லை. "இன்னாம்மா, நாலு மாசம் மலைல இருந்தா மூஞ்சி கூடவா மறந்து பூடும்?" என்றான். குரலைக் கேட்டபிறகுதான் நம் தச்சன் ஜெயவேல் என்று தெரிந்தது. ஆடி மாதம் நானே நெற்றியில் திருநீறு பூசி, உளிக்கும் இழைப்புளிக்கும் சாணை பிடிக்கச் செய்து, என் பேரனுக்கு வலது கையாக இரு என்று சொல்லி உன்னிடம் அனுப்பினேனே, அவன்தான். அவனை நீ வேலையை விட்டு நீக்கிவிட்டாயாம். அது போகட்டும். கூலியாட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கொலைகாரப் பாவி என்று சொன்னாயாம்.

எங்கிருந்து வந்தது உனக்கு இந்த வாய்? நீ சுவரைப் பிடித்து நிற்கப் பழகின காலத்தில் உனக்கு நடைவண்டி செய்து கொடுத்தவன் அவன். உன் தாத்தா கடைசிவரை அவனை ஒருமையில் கூப்பிட்டார், ஆனால் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. நீ கிண்டியில் படித்துவிட்டு வந்ததும் அவன் உன்னை சின்னமொதலாளி என்றான். நீ திருப்பிக் கொடுத்த மரியாதை இது.

என்னதான் செய்தாய் என்று அவனைக் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பொய் இருந்தால் நீ திருத்து.

"மலைய கொடஞ்சு தண்ணி கொண்டுபோயி கரண்டு எடுக்கப் போறாங்கோ இல்லம்மா, அந்தக் கொகைக்குள்ள ஒரு எடத்துல கல்லு கல்லாவே இல்ல. புட்டு மாரி உதிருது. அங்க சவுக்குக் கட்டைங்கள நெருக்கி முட்டுக் குடுத்து வச்சிகிறோம். சின்னமொதலாளி ரெண்டு பக்கச் செவுத்துலயும் இரும்பு மொளை அடிச்சாரு. இந்த மொளைக்கும் எதிர் மொளைக்கும் நடுவுல சரியாப் போற மாரி ஒரு தேக்குக் கோலு செய்டா ஜெயவேலுன்னாரு. செஞ்சேன். தெனம் காலைல உள்ள வுட்டுப் பாரு, சிக்காம போவணும்னாரு. கொஞ்ச நாள் நல்லாத்தான் பூட்ச்சு. அப்பால சிக்க ஆரம்பிச்சுது. உள்ள தண்ணி சொட்டிக்கினே கீது, ஈரத்துல கட்டை ஊதிக்கிச்சுன்னு முனைல ஒரு இழைப்பு இழைச்சேன். வழுக்கிக்கினு போச்சு. மறுபடி சிக்கிச்சு, மறுபடி இழைச்சேன். அவுரு கேக்கும்போதெல்லாம் சிக்காம போவுதுங்கன்னு சொன்னேன். நெசந்தானம்மா? இதுக்குப் போயி கொலகாரன்றாரு."

எனக்கு உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. ஒரு தச்சன் கையில் கட்டையைக் கொடுத்து, இது சிக்காமல் போகவேண்டும் என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? கும்பிட்டுக்கொண்டு நிற்பானா? இந்த மழையில் நம் கொல்லைக் கதவு சிக்கிக்கொண்டு உன் அப்பா தோளால் இடித்து இடித்துத் திறந்துகொண்டிருந்தார். ஜெயவேல் வந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குமுன் அதைக் கழற்றிச் சீவி மாட்டிவிட்டான். அது அவன் கைக்கு ஊறிப்போன காரியம். அவனிடம் அளவு பார் என்று சொல்லாமல் சிக்காமல் போகவேண்டும் என்று சொன்னவன் நீ. என்ஜினீயருக்குப் படித்தவன் வேலை சொல்கிற அழகு இதுதானா?

அவன் பெண்டாட்டி பூமாரி இன்று காலையில் வந்து அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதால்கூட சமாதானம் சொல்லி அனுப்பலாம். "கொலகாரன் பெண்டாட்டி வந்துகீறேன், காப்பித் தண்ணி குடுப்பீங்களா" என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்வேன்? நீ ஒரு வரி எழுதி அவனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள். மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. வா என்று எழுதினால் போதும், அவன் புரிந்துகொள்வான்.

மற்ற சமாசாரம். சடையங்குப்பத்தில் தண்ணீர் ஏறி ஜனங்கள் கட்டில்மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். உன் அப்பா ராசையாவுக்கு முழங்கால் வலி. மழை நிற்கட்டும், வைத்தியரிடம் போகிறேன் என்கிறார். மழை நின்றால் வலி நின்றுவிடும், அப்புறம் போகமாட்டார். உன் அம்மா உனக்குக் கம்பளிச் சட்டை அனுப்பினாள். வந்ததா என்று நீ எழுதவில்லை. காத்திவாக்கத்திலிருந்து கன்னியம்மா வழக்கம்போல இறால் கொண்டுவருகிறாள். கடல் கலங்கிக் கிடக்கிறது, கட்டுமரம் இறங்கவில்லை, முகத்துவாரத்தில் கைவலையில் பிடித்ததுதான். அவள் புருஷன் சுப்புராயனை என் பேச்சைக் கேட்டு நீ கூலிக்குச் சேர்த்துக்கொண்டாயே, அவன் எப்படியிருக்கிறான் என்று தினமும் கேட்கிறாள். அதற்கும் பதில் எழுது.

இதுவரை எழுதி உறையில் போட்டுவிட்டேன். ஒட்டுவதற்குமுன் கொல்லைப் பக்கம் போனேன். ஜெயவேல் இழைப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தான். உன்னைத் திட்டின வேகத்தில் அவனையும் ஒரு பிடி பிடித்தேன். இத்தனை வருஷம் என் மரவாடியில் சோறு தின்றிருக்கிறாய், மரம் ஈரத்தில் குறுக்கே ஊதுமா, நீளத்தில் ஊதுமா, கதவு அகலத்தில் சிக்குமா உயரத்தில் சிக்குமா என்று கேட்டேன். "குறுக்கத்தாம்மா ஊதும், நீளத்துல எங்க" என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

கோல் வளரவில்லை, தங்கப்பாண்டி. அப்படியானால் கிட்டே வந்தது எது? உடனே எழுது.

இப்படிக்கு,
ஆச்சி செல்லக்கனி


தண்டையார்பேட்டை,
மார்கழி மாதம், செவ்வாய்க்கிழமை.

தங்கப்பாண்டிக்கு ஆச்சி எழுதிக்கொண்டது. ஆசீர்வாதத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இதை நின்ற இடத்தில் நின்று படி.

உன் கடிதம் வந்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் கல். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன் என்றாலும் மிஷன் பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்பு. யுத்த காலத்தில் இந்தத் தெருவுக்கே பத்திரிகை வாசித்துச் சொன்னவள் நான். நீ எழுதியதை எனக்கு விளங்கினபடி எழுதுகிறேன், சரியா பார். மலைக்குள் கல்லும் கல்லும் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் குடைந்ததும் பக்கத்தில் நின்ற ஆளைக் காணோம். பாரிமுனை பஸ்ஸில் நடுவில் ஒருத்தர் இறங்கினால் சுற்றி நிற்கிறவர்கள் அந்த இடத்தில் சாய்கிறார்கள் அல்லவா, அதுபோலக் கல்லும் சாய்கிறது. நல்ல கல்லானால் கொஞ்சம் சாய்ந்து நின்றுவிடும். உளுத்த கல்லானால் வந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, நூல் நூலாகத்தான் வரும். நின்றதா, இன்னும் வருகிறதா என்று அறியத்தான் அந்தக் கோல். கோல் சிக்கினால் சுவர் நெருங்குகிறது என்று அர்த்தம். சிக்கினதும் உன்னிடம் ஓடிவரவேண்டியவன் சீவிவிட்டு நின்றிருக்கிறான்.

எனக்கு விளங்கிவிட்டது. மரவாடியில் பாதி ஆயுசைக் கழித்த ஜெயவேலுக்கு விளங்காதா? எனக்கு மூன்றரைப் பக்கம் எழுதத் தெரிந்தவன், அவனிடம் இந்த நாலு வாக்கியம் சொல்லியிருக்கக்கூடாதா? தச்சனுக்கு எதற்குக் காரணம், சொன்னதைச் செய்தால் போதும் என்று நினைத்தாய். அவன் சொன்னதைச் செய்தான்.

போகட்டும். கடைசி அரைப் பக்கத்துக்கு வருகிறேன். அதைத்தான் நீ முதலில் எழுதியிருக்கவேண்டும். ஜெயவேல் வாயால் சொன்னதை நம்பி, அந்த இடத்தில் கல் நின்றுவிட்டது, இனி நகராது என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டாய். கோலின் நீளத்தை ஒருநாள் நீயே அளந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் அந்தக் காகிதத்தை நம்பி, முட்டுக் கட்டைகளைப் பொங்கலுக்குமுன் உருவி எடுத்து உள்ளே அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி உத்தரவாகிவிட்டது. உன் மேலதிகாரியிடம் ஜாடையாகச் சொன்னதற்கு, போன காகிதத்தைத் திரும்பக் கூப்பிடாதே, உத்தியோகம் நிரந்தரமாகிற நேரத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்றாராம். உருவுகிற கூட்டத்தில் சுப்புராயனும் இருக்கிறானாம். ஆச்சி, யாரிடமும் சொல்லாதே என்று முடித்திருக்கிறாய்.

அட அறிவே! யாரிடம் சொன்னால் காரியம் நடக்குமோ அவர்களிடம் ஜாடை. ஒன்றும் செய்ய முடியாத என்னிடம் விவரம். என்னிடம் சொல்லி உனக்கு என்ன ஆகப்போகிறது? நான் வந்து முதுகைக் கொடுத்து மலையைத் தாங்கட்டுமா? படித்த பிள்ளை நெஞ்சு பாரத்தை இறக்கிவைக்க இடம் தேடி என் தலையில் இறக்கிவிட்டாய். நான் யார் தலையில் இறக்க? உன் அப்பாவிடம் சொன்னால் நிரந்தர உத்தியோகம் என்ற ஒரு வார்த்தைதான் அவர் காதில் விழும். உன் அம்மாவிடம் சொன்னால் இப்போதே ரயிலேறிவிடுவாள்.

இந்த அழகில் கன்னியம்மா காலை தவறாமல் வருகிறாள். கூடையை இறக்கும்போதே, "இன்னா ஆயா, மலைலருந்து சேதி எதுனா வந்துச்சா?" நான் கூடையைப் பார்த்துக்கொண்டே, இறால் என்ன விலை என்பேன். போன வாரம் மடியிலிருந்து ஒரு கார்டை எடுத்தாள். சுப்புராயன் யாரையோ பிடித்து எழுதச் சொன்னதாம், படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். முட்டுக் கட்டையெல்லாம் உருவிப்போட்டால் எங்கள் வேலை முடிந்தது, பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தது. அவள் சிரித்துக்கொண்டே, "அந்த ஆளு கடலுக்குப் போனா நானு கரைல குந்திக்கினு வயித்துல நெருப்பக் கட்டிக்கினு இருப்பேன் ஆயா. இப்பத்தான் ராத்திரில தூங்குறேன். மலை இன்னா அலை அடிக்கவா போவுது? அதுமில்லாம உம் பேரன் கீறாரே" என்றாள்.

நான் அன்று கூடையோடு வாங்கிவிட்டேன். மறுநாளும். அவள் முகத்தைப் பார்த்துப் பேரம் பேச என்னால் முடியவில்லை, அதனால் சொன்ன விலைக்கு எல்லாவற்றையும் வாங்குகிறேன். வீடு முழுக்க இறால். தெருப் பூனையெல்லாம் நம் மதில்மேல். உன் அப்பா, "என்னம்மா, மரவாடிய மூடிட்டு எறாக் கடை வைக்கப் போறியளா?" என்று கேட்கிறார். உன் அம்மா உரித்து உரித்து விரல் வெந்துபோய் என்னை முறைக்கிறாள். ஒருத்தருக்கும் காரணம் சொல்ல முடியவில்லை. இந்த வயதில் எனக்கு இது தேவையா?

ஜெயவேலிடம் மட்டும் சொன்னேன். அவனுக்குப் பாதி தெரியும், மீதியை மறைத்து என்ன லாபம்? நீ எழுதினபடி, கோல் எதற்கு, சிக்கினால் என்ன என்று விளக்கினேன். மரத்தூள்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு, "நா சீவிப் போட்டதயெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி வச்சா, அவ்ளோ தூரம் மலை வந்துகீதாம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அன்று அவன் சாப்பிடவில்லை. பூமாரி சோற்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே அலைந்தாள். சாயங்காலம் வந்து, "சின்னமொதலாளி சொன்னது செரிதாம்மா. நா வர்றேன். எந்த தொரை முன்னால வேணா நின்னு, நாந்தான் சீவுனேன்னு சொல்றேன். அப்பால ஜெயில்ல போட்டாலும் போடட்டும்" என்றான். அவனை ஜெயிலில் போட்டால் என் கொல்லைக் கதவை யார் சீவுவது என்று அதட்டி அனுப்பினேன்.

ஆகையால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ஜெயவேல் கையில் கொடுத்து மேட்டுப்பாளையம் வண்டியில் ஏற்றிவிடுகிறேன். நீ படித்து முடிக்கும்போது அவன் உன் எதிரில் நின்றுகொண்டிருப்பான். முதலில் உட்காரச் சொல்.

இனி நான் சொல்வதைக் கேள். அவன் சீவினான். நீ பார்க்காமல் கையெழுத்துப் போட்டாய். தப்பு இரண்டு பேருடையது. அவன்மேல் முழுவதையும் சுமத்தி ஒரு காகிதம் எழுதினாயானால் நீ இந்த வீட்டுப் பிள்ளையில்லை. உன்மேல் முழுவதையும் சுமந்துகொண்டு தியாகி வேஷம் போடவும் வேண்டாம், யாரும் அதை நம்பமாட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து போய் நில்லுங்கள். மேலதிகாரி கேட்காவிட்டால் அவருக்கும் மேலே இருக்கிறவரிடம் போங்கள். ஆனால் காகிதம், சாட்சி, விசாரணை எல்லாம் அப்புறம். ஆட்களை அந்த இடத்திலிருந்து முதலில் வெளியே கூப்பிடு. நீ கூப்பிட்டால் வருவார்கள். கேட்டால் என் பேரைச் சொல்லு, ஆச்சிக்கு உடம்பு சரியில்லை, எல்லாரும் வெளியே வந்து சாமி கும்பிடுங்கள் என்று சொல்லு. என்ன வேண்டுமானாலும் சொல்லு.

உத்தியோகம் போகும் என்கிறாய். போகலாம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை நான் உன் பெருமை பேசாத வீடு கிடையாது. அவர்களெல்லாம் இனி என்னைக் கேட்பார்கள். பேசினது என் வாய், பதில் சொல்லவேண்டியதும் அதுதான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கன்னியம்மாவுக்குச் சொல்ல மட்டும் என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதில் உன் கையில் இருக்கிறது.

நீயும் அந்த இடத்துக்குள் போய் வந்துகொண்டிருக்கிறாய் என்று ஜெயவேல் சொன்னான். அதைப்பற்றி நான் எழுதப்போவதில்லை.

ஆசீர்வாதம் கடைசியில் என்று சொன்னேன். இந்தக் காரியத்தைச் செய்துவிட்டு வாங்கிக்கொள்.

ஆச்சி


தண்டையார்பேட்டை,
தை மாதம், வியாழக்கிழமை.

சிரஞ்சீவி தங்கப்பாண்டிக்கு ஆச்சி செல்லக்கனி அநேக ஆசீர்வாதம்.

பொங்கலுக்கு நீ வரவில்லை. காரணம் தெரியுமாதலால் உன் அம்மாவிடம் நானே ஏதோ சொல்லி வைத்தேன். அவள் நம்பவில்லை. நேற்று உன் கடிதத்தை உன் அப்பா பிரித்துப் படித்துவிட்டார். இனி மறைக்க ஒன்றும் இல்லை. நாள் முழுக்கச் சவுக்குக் கட்டைகளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஆள் வைத்து மாற்றி அடுக்கினார். சாயங்காலம், "பயலுக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்றார். நான் ஆமாம் என்றேன். கொஞ்சநேரம் கழித்து, "நானா இருந்தா வாய மூடிக்கிட்டுத்தாம்மா இருந்திருப்பேன்" என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். அதன்பிறகு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஆட்களை நீ வெளியே கூப்பிட்டாய், ஜெயவேலும் நீயும் பெரிய அதிகாரி முன்னால் போய் நின்று சொன்னீர்கள், முட்டுக் கட்டையை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது, அந்தப் பக்கத்து வேலை நிற்கிறது என்பதெல்லாம் தெரிந்துகொண்டேன். உன்னை அடிவாரத்துச் சிமெண்டுக் கிடங்கில் மூட்டை பார்க்கப் போட்டிருக்கிறார்களாம். விசாரணை முடிகிறவரை அங்கேதானாம். சிமெண்டுத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. மூக்கில் துணி கட்டிக்கொள். ஜெயவேலுக்கும் உனக்கும் ஒரே கூடாரத்தில் படுக்கை என்று எழுதியிருக்கிறாய். அவன் குறட்டைக்குப் பூமாரியே பயப்படுவாள்.

எனக்கு எரிச்சலாக இருப்பது ஒன்றுதான். புதிதாக ஆட்கள் வந்து புதுக் கோல் வைத்து அளக்கிறார்கள், அவர்கள் முடிவு இன்னும் தெரியவில்லை என்கிறாய். சரி. அதற்குக் கீழே, "ஆச்சி, இன்றுவரை ஒரு கல்கூட விழவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். அந்த எழுத்தே தொங்கிப்போய்க் கிடக்கிறது. எனக்குக் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது. விழவில்லையே என்று வருத்தப்படுகிறாயா? இடிந்து விழுந்து நாலு பேர் செத்து, பார்த்தீர்களா நான் அப்போதே சொன்னேன் என்று மாலை போட்டுக்கொள்ளவா ஆட்களை வெளியே கூப்பிட்டாய்?

இங்கேயும் சிரிக்கிறார்கள். மொத்த அரிசிக் கடைக்காரர் வீட்டம்மாள் கோயில் பிரகாரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேரன் மலையப் பாத்துப் பயந்துட்டாராமே" என்று கேட்டாள். ஆமாம், நல்ல பயம், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் வேண்டுமானால் அனுப்பச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் கன்னியம்மாவுக்கு என்னால் அப்படிப் பதில் சொல்ல முடியவில்லை. இன்று காலை கூடை இல்லாமல் வந்தாள். வாசலிலேயே இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, தெருக்கோடிவரை கேட்கும்படி ஆரம்பித்தாள். "இன்னா ஆயா, நாயமா இது? நல்லா ஓடிக்கினு இருந்த வேலைய உம் பேரன் நிறுத்திட்டாராமே! மலை வுளுதாம், மலை! எங்க வுளுந்துச்சு? ஒரு மண்ணாங்கட்டி கூட வுளல. கூலியும் இல்ல ஒண்ணும் இல்லன்னு அம்மாம் பேரயும் வூட்டுக்கு அனுப்பிட்டாரு. பொங்கலுக்குப் பானை வாங்கக் கூட வக்கில்லாம பண்ணிட்டாரு. உம் பேரனுக்குப் பயமா கீதுன்னா அவுரு வூட்டாண்ட குந்திக்கினு இருக்கட்டும். எங்காளு கடல்லயே மொதந்த ஆளு, அவுருக்கு இன்னா பயம்?"

அவள் சொன்ன எதற்கும் நான் எதிர்த்துப் பேசவில்லை. ஏனென்றால் அவளுக்குப் பின்னால், நம் வேப்பமரத்தடியில், சுப்புராயன் நின்றுகொண்டிருந்தான். பெண்டாட்டி கத்துகிற வெட்கத்தில் தலையைச் சொறிந்துகொண்டு, "ஏய், வாம்மே, போலாம், ஆயாவாண்ட போயி" என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டு அவனையும் சேர்த்துத் திட்டினாள். அவன் சிரித்தான். மலையிலிருந்து வந்ததில் கொஞ்சம் கறுத்திருக்கிறான், மற்றபடி முழு ஆளாக இருக்கிறான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னென்ன சொன்னாள் என்று பாதி காதில் விழவே இல்லை. கடைசியில் மூச்சு வாங்கி நின்று, "இதெல்லாம் உம் பேரனுக்கு எழுது ஆயா, ஒண்ணு வுடாம எழுது" என்றாள். எழுதுகிறேன் என்றேன். எழுதிவிட்டேன். சுப்புராயனுக்கு நாளையிலிருந்து மரவாடியில் கட்டை ஏற்ற வேலை சொல்லியிருக்கிறேன். கடல் அடங்குகிறவரை இருக்கட்டும்.

மறுபடியும் உன்னை மேலே கூப்பிட்டு அந்த இடத்துக்குள் அனுப்புவார்களோ என்னவோ. அனுப்பினால் நீ போவாய். வேண்டாம் என்று நான் எழுதினாலும் போவாய். ஆகையால் எழுதவில்லை.

அந்த மலை விழாமலே இருக்கட்டும், ஐயா. உனக்கு என் ஆசீர்வாதம் இதுதான். ஒரு கல்கூட விழாமல், ஊர் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும். உன் பிள்ளைகள் காலத்திலும் சொல்லட்டும், நூறு வருஷம் சொல்லட்டும். நீ இருந்து கேட்டுக்கொண்டே இரு.

இப்படிக்கு,
உன் ஆச்சி
செல்லக்கனி